அபராதம்: ஒரு பெட்டி கோலா

எங்கள் ஊர் சான் மாக்சிமோவுக்கு மாநில இனிப்பு ஒழிப்பு வாரியம் 'சர்க்கரையில்லா ஊர்' என்று பட்டம் கொடுத்திருக்கிறது. பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஊர் மன்றத்துச் சுவரில் தொங்குகிறது. அதை ஆணியடித்து மாட்டியவன் நான். அதற்கான விண்ணப்பத்தை எழுதியவனும் நான். ஆகவே அது எப்படி வந்தது என்று சொல்கிற பொறுப்பும் என் தலையில்தான் விழுகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மார்செலீனோ. எங்கள் பாஷை, ஸ்பானிஷ் இரண்டையும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தோம். மூன்று பேர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குத் தக்காளி பறிக்கப் போய்விட்டார்கள். மிச்சம் நான். அதனால் மன்றத்துக்கு எழுத்தர் நான், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் நான், வாரியம் வந்த பிறகு சுகாதாரக் கண்காணிப்பாளரும் நான். இந்தக் கடைசிப் பதவிக்கு ஒரு பச்சை மேற்சட்டை கொடுத்தார்கள். முதுகில் 'உங்கள் நலமே என் கவலை' என்று அச்சடித்திருந்தது. முதுகில் இருந்ததால் அதை நான் அதிகம் படித்ததில்லை, மற்றவர்கள்தான் படித்தார்கள்.

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வியாழக்கிழமைதோறும் வரும். வந்தால் மண் நிறத்தில் வரும். கோலா லாரியோ தினமும் காலையில் வரும். ஒரு வருடம் மழையில் பாலம் உடைந்தபோது தபால் பதினைந்து நாள் வரவில்லை, டாக்டர் ஒரு மாதம் வரவில்லை, லாரி மறுநாளே மலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. பெண் கேட்கப் போனால் கோலா, புதைக்கப் போனால் கோலா, தேவாலயத்தில் புனிதருக்கு முன்னால் மெழுகுவத்தியோடு கோலா, நோயாளியைப் பிடித்த கெட்டது ஏப்பமாக வெளியேறவும் கோலா. இதில் விநோதம் எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை.

கோலாவுக்குப் பெரிய உத்தியோகம் மன்றத்தில்தான். எங்கள் மலைகளில் ஒருவன் தப்பு செய்தால், அடுத்தவன் நாயை அடித்தாலும் சரி, அண்ணன் நிலத்துக்குள் வேலியைத் தள்ளிப் போட்டாலும் சரி, ஒரு பெட்டி கோலாவை முதுகில் சுமந்துகொண்டு மன்றத்துக்கு வர வேண்டும். பைன் இலை பரப்பிய தரையில் மண்டியிட வேண்டும். நியாயக்காரர்கள் ஆறு பேரும், புண்பட்டவரும், தப்பு செய்தவனும் ஆளுக்கொரு பாட்டில் குடிப்பார்கள். மிச்சம் வந்திருக்கிற கூட்டத்துக்கு. பெட்டி காலியானதும் விஷயம் முடிந்தது, அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. முன்பெல்லாம் இதற்குக் கரும்புச் சாராயம்தான். இருபது வருடத்துக்கு முன்னால் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, சாராயம் குடலைக் கெடுக்கும், அதற்குப் பதிலாகக் கோலா குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கேட்டுக்கொண்டது. அப்போதும் ஒரு பட்டம் கொடுத்தார்கள். அதுவும் அதே சுவரில் இருக்கிறது.

இந்தத் தடவை வந்தவர் லிசென்சியாதோ எவரார்தோ. படித்துப் பட்டம் வாங்கியவரை லிசென்சியாதோ என்றுதான் கூப்பிட வேண்டும். வெறும் பெயரைச் சொன்னால் அவர் காதில் விழாது. தொடக்க விழாவுக்கு வந்த பெரிய மனிதரைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? தலைமை நியாயக்காரர் தோன் லூக்காஸ் ஷிலோன் மூடி திறந்த ஒரு கோலாவை நீட்டினார். வாங்காவிட்டால் ஊரை அவமதித்ததாகும். லிசென்சியாதோ வாங்கிக் குடித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மைக்கைப் பிடித்தார்.

"சகோதர சகோதரிகளே! இந்தக் கறுப்புத் திரவம் நம் எதிரி. ஒரு பாட்டிலில் பன்னிரண்டு கரண்டி சர்க்கரை. அது உங்கள் கண்ணைப் பறிக்கும், சிறுநீரகத்தைப் பறிக்கும், காலைப் பறிக்கும். எதிரியை நெருங்கி அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்" என்று இன்னொரு வாய் குடித்தார். "தண்ணீர் குடியுங்கள்! தெளிந்த, சுத்தமான தண்ணீர்!"

நான் மொழிபெயர்த்தேன். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அக்கா நிக்கோலாசா கையைத் தூக்கினாள்.

"எந்தத் தண்ணிய குடிக்கிறதுன்னு கேளுடா தம்பி."

கேட்டேன். லிசென்சியாதோ சிரித்தார். "நல்ல கேள்வி. தண்ணீர் வேற துறை. அவங்களுக்கு எழுதிப் போடுங்க."

அதற்குப் பிறகு படிவங்கள் வந்தன. ஊர் எல்லைக்குள் யார் கோலா குடித்தாலும் குற்றம். மூன்று குற்றம் ஆனால் அவர்களுடைய சர்க்கரை நோய் அட்டை ரத்து; அட்டை இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் மருந்து. படிவத்தில் 'தண்டனை' என்ற கட்டம் காலியாக இருந்தது. தோன் லூக்காஸ் அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்க என்ன எழுதணும்னு கேளு."

"அது உங்க ஊர் வழக்கம்" என்றார் லிசென்சியாதோ, காரில் ஏறியபடியே. "மலை மக்களோட மரபுல வாரியம் தலையிடாது. அதுக்குன்னே ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கோம். 'ஊர் வழக்கப்படி'ன்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்." போட்டார்.

"ஊர் வழக்கப்படின்னா முதல் தப்புக்கு ஒரு பெட்டி கோலா, ரெண்டாவதுக்கு ரெண்டு பெட்டி" என்றார் தோன் லூக்காஸ், எங்கள் பாஷையில், நிறைந்த மனசோடு.

இதை நான் ஸ்பானிஷில் சொல்லியிருக்க வேண்டும். கார் கிளம்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மனிதரை நிறுத்தி வைக்கக் கூச்சமாக இருந்தது. இந்தக் கதையில் நான் வெட்கப்பட வேண்டிய இடங்கள் நிறைய வரும், இது அதில் சின்னது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்து மூன்று. புருஷன் இல்லை. ஞாயிற்றுச் சந்தையில் முள்ளங்கியும் முட்டைக்கோசும் விற்கிறவள். காலையில் ஒரு பாட்டில், வெயில் ஏறினால் ஒன்று, சந்தை கலைந்தால் ஒன்று என்று இருபது வருடம் குடித்தவள். முதல் பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஒரு வருடக் கட்டாய சேவைக்கு வந்திருந்த டாக்டர் பெரெனீஸ் சின்னப் பெண், எண்ணைப் பார்த்ததும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, உங்க கால் கட்டை விரல்ல இருக்கிற புண்ணு இன்னும் ஆறல. சர்க்கரை எறங்கலைன்னா ஆறாது. ஆறலைன்னா விரலோட நிக்காது. கோலாவ நிறுத்துங்க. ஊசி நான் தரேன்."

"ஒரேயடியாவா?"

"ஒரேயடியா."

அக்கா நிறுத்தினாள். முதல் வாரம் தலைவலியில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். முள்ளங்கி கேட்டு வந்தவளிடம் "கண்ணு தெரியலையா, எடுத்துக்க" என்று கத்தினாள். சாமந்திப்பூ போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைப் பழைய கோலா பாட்டிலில் ஊற்றி வைத்துக் குடித்தாள். மூன்று மாதத்தில் நூற்றுத் தொண்ணூறுக்கு வந்தது. புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக மூட ஆரம்பித்தது. டாக்டர் பெரெனீஸ் எழுந்து நின்று கைதட்டினாள். அக்கா தன் அட்டையை மூன்று முத்திரைகளோடு ரவிக்கைக்குள் வைத்திருந்து சந்தையில் எல்லாரிடமும் எடுத்துக் காட்டினாள். வாரியத்தின் பேச்சைக் கேட்டு ஊரில் உண்மையாகவே கோலாவை விட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

அந்த மாதக் கடைசியில் லிசென்சியாதோ போன் செய்தார்.

"மார்செலீனோ, குற்றப் பட்டியல் காலியா இருக்கே. உங்க ஊர்ல யாருமே கோலா குடிக்கலையா?"

"எல்லாரும் குடிக்கிறாங்க லிசென்சியாதோ."

"அப்ப ஏன் பேர் எழுதல?"

"எல்லார் பேரையும் எழுதினா தாள் பத்தாது."

"எல்லாரையும் எழுதச் சொல்லல. மூணு பேர் போதும். இந்த மாசம் மூணு, அடுத்த மாசம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. அதுக்குப் பேர்தான் முன்னேற்றம். மூணு பேர் இல்லைன்னா கண்காணிப்பாளரே தேவையில்லைன்னு மேல நெனச்சிருவாங்க. புரியுதா?"

புரிந்தது. மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மார்செலீனோவாக ஊருக்குள் நடப்பதை நினைத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ஆனால் யார் பெயரை எழுதுவது? பக்கத்து வீட்டுக்காரனை எழுதினால் நாளைக்கு என் ஆட்டுக்கு அவன் வழி விடமாட்டான். அமெரிக்காவில் தக்காளி பறிக்கிற இரண்டு பேரின் பெயரை எழுதினேன். அவர்கள் கோபித்துக்கொள்ள ஊரில் இல்லை. மூன்றாவது ஆள் மன்றத்துக்கு வந்து நிற்கக்கூடியவராக இருக்க வேண்டும். முந்தின வாரம் சித்தப்பா பேத்தியைப் பெண் கேட்டு வந்தவர்கள் நீட்டிய பாட்டிலை அக்கா வாங்கி உதட்டில் வைத்து எடுத்திருந்தாள். வாங்காவிட்டால் சம்பந்தம் முறியும். உதடு நனைந்ததோ இல்லையோ. அதை நான் பார்த்தேன், நானே அன்றைக்கு இரண்டு பாட்டில் குடித்துக்கொண்டே பார்த்தேன். அக்காதானே, அப்புறம் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்து எழுதினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா பெட்டியை முதுகில் சுமந்து, சுமைப் பட்டையை நெற்றியில் மாட்டி இழுத்துக்கொண்டு மன்றத்துக்கு வந்தாள். கறுப்புக் கம்பளிப் பாவாடையைச் சரிசெய்துகொண்டு மண்டியிட்டாள். என்னைப் பார்த்தாள்.

"யாருடா தம்பி எம்பேரக் குடுத்தது?"

"தெரியலக்கா. மேலேருந்து வந்திருக்கு."

இந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

தோன் லூக்காஸ் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"நான் கோலா குடிச்சேன்னுதானே கூப்பிட்டீங்க?"

"ஆமா."

"இப்ப குடின்னு குடுக்குறீங்க?"

"ஆமா. நீ குடிக்காம நாங்க மட்டும் குடிச்சா அது மன்னிப்பு இல்ல தாயி, விருந்து."

"தண்ணி குடிக்கட்டுமா?"

"போன மாசம் டாக்டரம்மா சொன்னாங்களேன்னு ஒரு செம்மறியாட்டுத் தகராறத் தண்ணிய வச்சு முடிச்சோம். நாலாம் நாளு ரெண்டு பேரும் மறுபடி கட்டிப் புரண்டானுங்க. தண்ணி மன்னிப்பு நிக்காது. குடி."

அக்கா குடித்தாள். அந்த நேரம் பார்த்து லிசென்சியாதோ ஒரு புகைப்படக்காரரோடு உள்ளே நுழைந்தார். முதல் தண்டனை என்பதால் படம் எடுக்க வந்திருந்தார். மண்டியிட்டபடி ஒரு பெண் கோலா குடிப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"நம்ம கண்ணு முன்னாலயே குடிக்கிறாங்களே! எழுதுங்க மார்செலீனோ, ரெண்டாவது குற்றம்."

"லிசென்சியாதோ, இதுதான் தண்டனை..."

"தண்டனை நேரத்துலயே குற்றமா? அப்ப ரெண்டு தடவை எழுதணும். போகட்டும், ஒரு தடவை எழுதுங்க, நான் இரக்கமுள்ள ஆளு."

எழுதினேன். தண்டனை இரண்டு பெட்டி. அடுத்த செவ்வாய் அக்கா இரண்டு பெட்டியோடு வந்தாள், பாதி வழியில் நொண்டிக்கொண்டு வந்தாள். மண்டியிட்டாள், குடித்தாள். அன்றைக்கு லிசென்சியாதோ வரவில்லை. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. படிவம் முன்னால் இருந்தது, பேனா கையில் இருந்தது, குடிப்பதைக் கண்டால் எழுத வேண்டும் என்று விதி இருந்தது. மூன்றாவது குற்றம் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பழக்கம் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

அக்காவின் அட்டை ரத்தானது.

இதற்குள் ஊர் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டது. வீட்டில் குடித்தால் குற்றம், கடையில் குடித்தால் குற்றம், மன்றத்தில் மட்டும் கடமை. காலை ஏழு மணிக்கே மன்ற வாசலில் வரிசை நின்றது. ஒருவன் மாமியாரைப் பற்றி மனசுக்குள் கெட்டதாக நினைத்ததை ஒப்புக்கொண்டான். இன்னொருவன் பிறக்கப்போகும் கன்றுக்குட்டியைப் பக்கத்து வீட்டுக்காரன் திருடக்கூடும் என்று சந்தேகப்பட்டதற்காக ஒரு பெட்டி வைத்தான். சந்தேகப்பட வைத்ததற்காகப் பக்கத்து வீட்டுக்காரனும் ஒரு பெட்டி வைத்தான். எதுவும் செய்யாதவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்த குற்றத்துக்காக வந்தார்கள். லாரி கடைகளுக்குப் போவதை நிறுத்திவிட்டு நேராக மன்ற வாசலில் வந்து நின்றது. நியாயக்காரர்கள் ஆறு பேருக்கும் கம்பளி அங்கி இறுக ஆரம்பித்தது. தோன் லூக்காஸ் தீர்ப்புக்கு நடுவில் மூன்று தடவை வெளியே போய் வந்தார், பார்வை கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்றும் சொன்னார்.

வாரியத்தின் ஆய்வுக் குழு வந்து வீடு வீடாகப் போனது, கடை கடையாகப் போனது. கோலா பாட்டில் ஒன்றுகூட இல்லை. லிசென்சியாதோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நுகர்வு பூஜ்யம்! மார்செலீனோ, மாநிலத்திலேயே முதல் ஊர்!"

"மன்றத்துல தினமும் நாப்பது பெட்டி காலியாகுது லிசென்சியாதோ."

அவர் என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "இதோ பாருங்க. வாய் வழியா உள்ள போறதெல்லாம் நுகர்வு ஆகாது. விருப்பப்பட்டுக் குடிச்சா நுகர்வு. சட்டப்படி குடிச்சா அது நீதி. நீதிய அளக்குற கருவி எங்க வாரியத்துல இல்ல." அதை அப்படியே ஒரு சுற்றறிக்கையாகவும் போட்டார்: இனிமேல் மன்றத்தில் குடிப்பது குற்றக் கணக்கில் சேராது.

நான் அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்படியென்றால் அக்காவின் இரண்டாவது குற்றமும் மூன்றாவது குற்றமும் செல்லாதே?

"செல்லாதுதான்" என்றார். "ஆனா சுற்றறிக்கை தேதிக்கு முன்னாடி நடந்ததுக்குப் பொருந்தாது. மேல்முறையீடு பண்ணுங்க. மருந்து இல்லாம அவங்க உடம்பு கெட்டிருக்குன்னு டாக்டர் சான்றிதழ் வைங்க."

டாக்டர் பெரெனீஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அட்டை இல்லாதவங்களுக்கு நான் சான்றிதழ் எழுத முடியாது மார்செலீனோ. அட்டைக்குத்தான் சான்றிதழ் கேக்குறாங்க. டிராயர்ல இருந்த சாம்பிள் ஊசிய அவங்களுக்குப் போட்டுட்டேன், போன வாரத்தோட தீந்துபோச்சு. அந்த மனு கினுவெல்லாம் தூக்கிப் போடுங்க. வேன்ல ஒரு மணி நேரம், பட்டணத்து மருந்துக் கடையில வாங்கிட்டு வாங்க. இன்னிக்கே போங்க."

போயிருக்கலாம். என் செம்மறியில் ஒன்றை விற்றால் போதும். ஆனால் மனு வெள்ளிக்கிழமை மேஜைக்கு வருகிறது என்று லிசென்சியாதோ சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வந்தது, அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. நான் மனுவைத் திருத்தித் திருத்தி எழுதினேன். அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை என்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வந்துருச்சா?" என்று கேட்பாள். "வந்துரும்க்கா" என்பேன். "நீ எழுதுனா வந்துரும்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போவாள். ஏழாவது வாரம் கட்டை விரல் கறுத்தது. டாக்டர் பெரெனீஸ் தன் சொந்தப் பொறுப்பில் ஆம்புலன்ஸை வரவழைத்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் இடது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மனுவுக்குப் பதில் அதற்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. அனுமதிக்கப்பட்டிருந்தது.

பட்டமளிப்பு விழா சந்தை மைதானத்தில், நல்ல வெயிலில் நடந்தது. சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று வாரியம் கேட்டிருந்தது: குறைந்தது நாற்பது நாள் கோலா தொடாதவர், மருத்துவப் பதிவோடு. ஊர் முழுக்கத் தேடியதில் ஒரே ஒருத்தி தேறினாள். நாற்பத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அக்காவிடம் பதிவு இருந்தது. பிக்கப் வண்டியில் அழைத்து வந்து, இரண்டு பேர் பிடித்து மேடையில் ஏற்றி, ஊன்றுகோலை மடியில் வைத்து உட்கார வைத்தார்கள். நான் மொழிபெயர்க்க மைக் பக்கத்தில் நின்றேன், பச்சை மேற்சட்டையோடு.

"இந்தச் சகோதரியைப் பாருங்கள்!" என்றார் லிசென்சியாதோ. "ஒரு காலத்தில் குற்றவாளி. மூன்று முறை தவறியவர். இன்று நம் வெற்றியின் முகம். ஒரு பாதத்தை இழந்திருக்கலாம், ஆனால் பாதையை அடைந்திருக்கிறார்!"

நான் மொழிபெயர்த்தேன். 

"இந்த வெற்றிக்குக் காரணமான ஒருவரை நான் மறக்க முடியாது. ரத்த பாசம் பார்க்காமல், தன் சொந்த அக்காவின் பெயரையே முதல் பட்டியலில் தன் கையால் எழுதிக் கொடுத்த மார்செலீனோ! இப்படிப்பட்ட தம்பிகள் ஊருக்கு ஊர் வேண்டும்!"

மேடையில் இருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். கீழே ஊர் என் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தது. 

"என்னடா சொன்னாரு?" என்றாள் அக்கா. "எம்பேரு வந்துச்சு. உம்பேரும் வந்துச்சு."

"எல்லாரும் தண்ணி குடிக்கணும்னு சொல்றாருக்கா."

"அதுக்கு எதுக்கு உம்பேரு?"

அவள் சந்தையில் முப்பது வருடம் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு முள்ளங்கி விற்றவள். யார் ஏமாற்றுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.  செத்துவிடலாம் என்று இருந்தது.

அக்கா மடியிலிருந்த ஊன்றுகோலைத் திருப்பி வைத்தாள்.

"பட்டியல்ல மூணு பேருன்னு சொன்னாங்க. மத்த ரெண்டு பேரு யாரு?"

"அமெரிக்காவுக்குப் போனவங்கக்கா."

"அப்ப ஊர்ல இருந்தவ நான் ஒருத்திதான்."

"ஆமாக்கா."

"மன்றத்துல உன்னைத்தான கேட்டேன், யாரு குடுத்ததுன்னு."

மைக்கை நான் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. முன்வரிசையில் டாக்டர் பெரெனீஸ் வேறு பக்கம் பார்த்தாள். லிசென்சியாதோ ஆவலோடு என் பக்கம் குனிந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"நன்றி சொல்றாங்க, லிசென்சியாதோ."

அதிகாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஊரில் யாரும் தட்டவில்லை. அவர்களுக்கு எங்கள் பாஷை தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி கோலாவை முதுகில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சொந்தத்துக்குள் நடந்த தப்பு என்றால் முதலில் வீட்டுக்குத்தான் போக வேண்டும். புண்பட்டவர் ஒரு வாய் குடித்தால் மன்னித்ததாக அர்த்தம், தொடாவிட்டால் இல்லை. சர்க்கரைக்காரிக்கு எதைக் கொண்டுபோகிறோம் என்று தெரிந்துதான் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்க எங்களுக்கு வேறு வழி தெரியாது. தொடமாட்டாள், நான் மண்டியிட்டுக் கிடந்து திட்டு வாங்கிக்கொண்டு வருவேன், அதுதான் எனக்குத் தகும் என்று நினைத்திருந்தேன்.

அக்கா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மண்டியிட்டுப் பாட்டிலைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஊசி வாங்க ஒரு ஆட்ட விக்க உனக்கு மனசு வரல" என்றாள்.

"வரலக்கா."

"பேப்பரு எழுதிட்டு இருந்த."

"ஆமாக்கா."

"அழாத. எந்திரி." மடியிலிருந்த பீன்ஸைத் தட்டிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பாட்டிலை வாங்கினாள். "எனக்கிருக்கிறது நீ ஒருத்தன்தான். உன்னை வச்சுக்காம நான் என்ன பண்றது?" என்று சொல்லிக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் அதைப் பிடுங்கினேன். யோசிக்கவே இல்லை. கொஞ்சம் அவள் பாவாடையில் கொட்டியது, கொஞ்சம் தரையில்.

அக்கா என்னையே பார்த்தாள். எங்கள் ஊரில் மன்னிக்கத் தூக்கிய பாட்டிலை யாரும் பிடுங்கியதில்லை.

"குடிக்க விட மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப மன்னிப்பு கெடையாது. சுமந்துக்கிட்டே இரு."

"இருக்கேன்க்கா."

பெட்டியை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாகத் திரும்பினேன். போகும்போது கனத்த பெட்டி வரும்போதும் கனத்தால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வேலை செய்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். மன்ற வாசலில் தோன் லூக்காஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஆளை அடையாளம் காண அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"யாரு, மார்செலீனோவா? அக்கா குடிக்கலையா?"

"குடிக்க வந்தா. நான்தான் பிடுங்கிட்டேன்."

அவர் உள்ளே போய் மற்ற ஐந்து பேரோடும் பேசிவிட்டு வெளியே வந்தார். "மன்னிக்கிறவங்க கையில இருந்து பாட்டிலப் பிடுங்குறது பெரிய குத்தம். இதுவரைக்கும் யாரும் பண்ணாததால அபராதம் எவ்வளவுன்னு இல்ல. ஒரு பெட்டின்னு வச்சுக்குவோம். முதுகுலயே இருக்கு, உள்ள வா."

போனேன். பைன் இலையில் மண்டியிட்டேன். ஆறு பேரும் குடித்தார்கள். அக்கா இல்லாததால் அவள் பங்கையும் என்னையே குடிக்கச் சொன்னார்கள், திறந்து வழிந்திருந்த பாட்டிலிலிருந்து ஆரம்பித்து இரண்டையும் குடித்தேன். இனித்தது. தோன் லூக்காஸ் ஏப்பம் விட்டு, "முடிஞ்சுது, இனிமே இதப் பத்தி யாரும் பேசக் கூடாது, பதிவேட்டுல எழுதிருங்க" என்றார்.

எழுதத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். எழுந்து மேஜைக்குப் போய், அக்காவின் பெயரையும் என் பெயரையும் எழுதி, எதிரே 'விஷயம் முடிந்தது' என்று எழுதினேன்.